மண்டோருக்கு வாசித்துக் காட்டியது

ஜூலை 1, ஞாயிறு

என் பெயர் வீரபத்திரன். இதை நானே எழுதினேன்.

இந்த வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. திரும்ப வாசித்துப் பார்த்தேன். என் பெயர்தான் இருக்கிறது. எழுபத்தாறு வருடம் அடுத்தவர் வாயில் இருந்த பெயர் என் கைக்கு வந்துவிட்டது.

நோட்டைக் கொடுத்தது கோமளா டீச்சர். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில், சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் எங்களைப் போன்ற கிழங்களைக் கூட்டிக் குடியுரிமைப் பாரம் நிரப்பித் தருகிறார். மலாய் நேர்காணலுக்கும் பழக்குகிறார். மார்ச் மாதம், "யாருக்காவது எழுதப் படிக்கக் கத்துக்கணுமா?" என்று கேட்டார். பதினோரு பேரில் நான் மட்டும் கையைத் தூக்கினேன்.

"தெனம் ஏதாவது எழுதுங்க தாத்தா. பாட நோட்டதான் நான் திருத்துவேன். இது உங்களோடது. தொறந்துகூட பாக்க மாட்டேன்."

யாரும் பார்க்காத எழுத்து. அதில் தனிச் சுகம் இருக்கிறது.

ஜூலை 2, திங்கள்

குடை. வாளி. கோழி. மூன்றும் என் அறைக்குள் இருப்பவை. எழுதியபின் கோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஜூலை 8, ஞாயிறு

நான் பிறந்தது புக்கிட் செலாசே தோட்டத்தில். பிறப்புச் சூரா என்கிற பத்திரம் எனக்குக் கிடையாது. தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த எல்லாருக்கும் சிவப்பு கார்டுதான். கணக்கு எழுதும் கிராணிக்கும், பெயர் குறித்து எங்களை வேலை வாங்கும் மண்டோருக்கும் நீலம். எழுதுகிறவர்களுக்கு நீலம், மரம் வெட்டுகிறவர்களுக்குச் சிவப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவர்கள் நீல மை தொடுகிறவர்கள் அல்லவா. சிவப்பு சாமிக்கு ஆன நிறம் என்று என் மனைவி அஞ்சலை கார்டுக்குக் குங்குமம்கூட வைத்தாள். சிவப்பு என்றால் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று அர்த்தமாம். எங்களுக்கு இது தெரிந்தபோது தோட்டமே விற்றுப் போயிருந்தது.

அஞ்சலை செத்து இரண்டு வருடம். அவள் மரணப் பத்திரத்தை டீச்சரிடம் காட்டி வாசிக்கச் சொன்னேன். ஒரு கட்டத்துக்குள் விரலை வைத்தார். பிறகு, "குடிமகள் அல்லர்னு போட்டிருக்கு தாத்தா" என்றார். அஞ்சலை பிறந்தது தோட்டத்தில், கூலிகளின் லயத்து வீட்டில். செத்தது அங்கிருந்து ஆறு மைலில் இருக்கும் ஆஸ்பத்திரியில். அந்த ஆறு மைலுக்கு நடுவில் எந்த நாடும் குறுக்கே வரவில்லை.

என் பத்திரத்தில் அந்தக் கட்டத்தில் வேறு சொல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

ஜூலை 15, ஞாயிறு

பாரம் நிரப்பியாயிற்று. கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார்கள். வேண்டாம் என்று பேனாவைக் கேட்டேன். மண்டபத்தில் கைதட்டினார்கள்.

ஒரு குறை. சூரா இல்லாதவனுக்குச் சாட்சி வேண்டும். நான் இங்கே பிறந்ததை அறிந்த, என்னைவிட மூத்த குடிமகன் ஒருவர் சத்தியப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்.

"அப்படி யாராச்சும் உசுரோட இருக்காங்களா தாத்தா?"

ஒருவர் இருக்கிறார். எங்கள் தோட்டத்து வையாபுரி மண்டோர்.

ஜூலை 18, புதன்

மண்டோர் வீடு இரண்டு பஸ் தள்ளி. வயது எண்பத்து நான்கு. சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டன. யாத்தி என்ற இந்தோனேசியப் பெண் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது.

"யாரு?"

"வீரபத்திரன்யா. பத்தாம் நம்பர் லயம்."

"ஏழுமல மகன் வீரனா? இன்னும் சாகலியாடா நீ?"

"இல்லீங்கய்யா."

"நல்லது. ஒக்காராத. நின்னே பேசு."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "நீ பொறந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னிக்குத்தான் எங்கப்பாவோட வண்டிமாடு செத்துச்சு. மாடு போயி இவன் வந்தான்னு அப்பா ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தாரு."

"அதையே சொல்லுங்கய்யா. அது போதும்."

"எழுதப் படிக்கக் கத்துக்கிட்டியாமே. எந்த அம்மா அவ்ளோ பொறுமசாலி?"

தினமும் காலையில் வந்து பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தை வாசித்துக் காட்ட வேண்டுமாம். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறாராம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் வாசிக்கக் கேட்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறார்.

ஜூலை 19, வியாழன்

ஆறு மரணம் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் "என்ன வயசு?" என்கிறார். எழுபது என்றால், "சின்னப்பய" என்று திருப்தியாகத் தலையாட்டுகிறார். தடுமாறினால் கைத்தடியால் தரையில் ஒரு தட்டு. உடனே முதல் வரிக்குப் போக வேண்டும். நல்ல பயிற்சி.

ஜூலை 23, திங்கள்

"எந்தத் திங்கள்னு நான் சொன்னேனா?" என்று கேட்டார். சொல்லவில்லைதான்.

ஆகஸ்ட் 9, வியாழன்

அவருக்குக் கால் நகம் வெட்டிவிட்டேன். சர்க்கரைக்காரர் நகம், பார்த்து வெட்ட வேண்டும். வெட்டும்போது, "அஞ்சல எப்படிடா செத்தா?" என்றார். சொன்னேன். "நல்ல வேலக்காரி. அவளுக்கு நான் ஒரு நாள்கூட லீவு குடுத்ததில்ல, தெரியுமா?" என்றார். தெரியும்.

எட்டு மாத வயிற்றோடு மலைக்காட்டுக்கு அவளைப் பால் எடுக்க அனுப்பியதையும், அன்று சாயந்திரம் அவளை நான்கு பேர் தூக்கி வந்ததையும் இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. நோட்டு புதிது.

வரும் வழியில் மருந்துக்கடைப் பலகையை முழுவதும் வாசித்தேன். பஸ் ஓட்டுநர் ஒரு நிமிடம் எனக்காக நிறுத்தி வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 31, வெள்ளி

சுதந்திர தினம். கொடி வாங்கி ஜன்னலில் கட்டினேன். கோழி கொத்திவிட்டது.

செப்டம்பர் 12, புதன்

மலாய் நேர்காணலில் தேறிவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு பெண். "இந்த நாடு உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டாள். "வேறு எதையும் நான் பார்த்ததில்லையே, மகளே" என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். சாட்சியின் பத்திரம் நவம்பர் ஒன்பதுக்குள் வந்துவிட வேண்டும், வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள் என்றும் சொன்னாள். மரியாதையான பெண்.

மண்டோரிடம் சொன்னேன். "ஒம்பதா? இன்னும் எவ்ளோ நாள் கெடக்கு" என்றார்.

அக்டோபர் 16, செவ்வாய்

இன்று மழை. மரண அறிவித்தல் இரண்டுதான். மண்டோருக்குப் போதவில்லை. பேச்சு பழைய நாட்களுக்குப் போயிற்று.

"சொதந்திரம் வந்த வருஷம் ஒங்க எல்லார்கிட்டயும் பாரத்துல கைநாட்டு வாங்குனனே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா. காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பிரட்டில், கூப்பிட்ட வரிசையில், ஒவ்வொருவராக வந்து பெருவிரலை வைத்தோம். குடியுரிமைப் பாரம் என்றார். டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதாகவும் அவரே சொன்னார். எனக்கு அப்போது இருபத்தொரு வயது.

"அது டவுனுக்கே போகலடா."

"அப்படிங்களாய்யா?"

"அந்த வாரம் பூரா மழ. லோரி வரல. பொகக்கொட்டாயில காயவேண்டிய ரப்பர் தட்டு நனஞ்சு கெடக்கு. வெறகு ஈரம், பத்தவே மாட்டேங்குது. தொர கத்துறான். என் பையில ஒங்க பாரம் இருந்துச்சு. நாப்பத்து மூணு. நல்ல தடிக் காகிதம்." தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஒரே குச்சியில பத்திக்கிச்சு. அப்பறம் போயி வேற பாரம் வாங்கலாம்னு இருந்தேன். யாரு அலையறது?"

அவர் சிரித்தால் நானும் சிரிப்பது வழக்கம். இன்றும் சிரித்தேன்.

கோழி இரண்டு முட்டை இட்டிருக்கிறது.

அக்டோபர் 18, வியாழன்

மூன்று சாயந்திரமாக அந்த நாற்பத்து மூன்று பெயரையும் பிரட்டில் கூப்பிடும் வரிசையிலேயே எழுதினேன். ஒன்றும் விட்டுப் போகவில்லை. பதினேழாவது நான். பதினெட்டாவது அஞ்சலை. முப்பத்தொன்பது பேர் செத்துவிட்டார்கள். மீதி நால்வரில் மூத்தவன் நான்.

கையெழுத்து அழகாக வந்திருக்கிறது.

அக்டோபர் 19, வெள்ளி

மண்டோருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். யாத்தி என்னிடம் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகிக்கொண்டு நாளைக்கு வாசிக்கிறேன், தடுமாறினால் திட்டுவார் என்று சொல்லி வாங்கி வந்தேன். அவருடைய ஒரே மகள் இந்திராணி, ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதியிருக்கிறாள். சீனரைக் கட்டிக்கொண்டதற்காக, தன் சாவுக்குக்கூட வரக் கூடாது என்று அவளை அவர் அனுப்பிவிட்டார். பழகுவதற்காகக் கடிதத்தை இங்கே பார்த்து எழுதுகிறேன்.

"அன்புள்ள அப்பா, ஃபோன் செய்தால் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்று எழுதுகிறேன். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. நானும் பிடிவாதம்தான், உங்கள் மகள்தானே. உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நவம்பர் பத்தாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். அவரும் மேய்லினும் வருகிறார்கள். மேய்லினுக்கு ஒன்பது வயது. உங்களைப் போலவே காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். தீபாவளி அங்கேதான். பிறகு ஒரு மாதம் உங்களோடு இருப்பேன். வேண்டாம் என்றாலும் வருவேன். வாசலில் நிற்க வைத்தால் நிற்பேன். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். இந்திராணி."

கீழே அவளுடைய ஃபோன் நம்பர். அதையும் எழுதிக்கொண்டேன். இவ்வளவு நீளமாக நான் எழுதியது இதுதான் முதல் தடவை. ஒரு பிழைகூட இல்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்று இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அதற்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

அக்டோபர் 20, சனி

காலையில் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"வரமாட்டாளாமா?" என்றார்.

"அப்படித்தான் இருக்குங்கய்யா."

"வேற?"

"இனிமே எழுத வேணாம்னு இருக்கு."

காகிதத்தை வாங்கித் தடவினார். முன்னும் பின்னும் தடவினார். "இவ்ளோ பெரிய காகிதத்துல இவ்ளோதானா?"

"எழுத்து பெருசு பெருசா இருக்குங்கய்யா."

"இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன். தடியால் தரையைத் தட்டினார். "மொதல்ல 'வரப்போறதில்ல'ன்ன. இப்ப 'வரமாட்டேன்'ங்கற. எழுத்துக்கூட்டி ஒழுங்கா வாசிடா."

"புது வாசிப்புங்கய்யா."

மூன்றாம் தடவை கேட்கவில்லை. காகிதத்தை மோந்து பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மரண அறிவித்தல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒன்பது இருந்தன, அத்தனையும் வீணாயிற்று.

என் வாசிப்பில் இன்னும் குறை இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு தடவை வாசிக்க வரவில்லை.

அக்டோபர் 24, புதன்

"ஒக்காருடா" என்றார் மண்டோர். அறுபது வருடத்தில் முதல் தடவை. நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஒன் பேப்பர் எங்க இருக்கு?"

"டீச்சர்கிட்ட இருக்குங்கய்யா."

"கூட்டிக்கிட்டு வா. போட்டுத் தொலைக்கிறேன். எனக்கு வேற யாருக்கு என்ன செய்ய இருக்கு?"

பஸ்ஸில் வரும்போது வழியில் இருந்த பலகை ஒன்றையும் நான் வாசிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அக்டோபர் 28, ஞாயிறு

வெளியே வர முடியாதவரின் வீட்டுக்கே வந்து பிரமாணம் வாங்க ஓர் அதிகாரியை டீச்சர் பேசிவிட்டார். நவம்பர் எட்டு, வியாழன், காலை பத்து மணி. அதற்கு முன் அவருக்கு ஒழியாது. எட்டாம் தேதி கையெழுத்தானால் ஒன்பதாம் தேதி கொடுத்துவிடலாம்.

"கடவுள் இருக்காரு தாத்தா" என்றார் டீச்சர்.

அக்டோபர் 31, புதன்

மண்டோர் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்பிவிடுகிறாராம். யாத்தி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். நான் வாங்கி ஊட்டினேன். இரண்டு கரண்டி இறங்கியது. "போதும்டா, எதுக்கு?" என்றார்.

எட்டாம் தேதி கையெழுத்து முடிந்ததும் கடிதத்தை மறுபடி வாசித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். இப்போது வாசிப்பு தேறியிருக்கிறது, முதலில் தப்பாக வாசித்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவார். திட்டுவார். திட்டட்டும். முன்னாலேயே வாசித்தால் மகள் வருகிற குஷியில் பழைய மண்டோர் ஆகி, திங்கட்கிழமை என்பார்.

எட்டு நாள்தான். கணக்குச் சரியாக வருகிறது. அவள் வருவதும் பத்தாம் தேதிதான்.

நவம்பர் 4, ஞாயிறு

யாத்தி வாசலில் என்னை நிறுத்தினாள். ஐயா தண்ணீரும் குடிப்பதில்லை, ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்கிறார், மகளுக்குச் சொல்ல வேண்டும், கடிதத்தில் ஃபோன் நம்பர் இருக்கிறதா என்று மலாயில் கேட்டாள்.

வியாழக்கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து சட்டை துவைத்தேன். பிரமாணத்தின்போது போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டை. காலர் மஞ்சள் போகவில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

"வீரா" என்று கூப்பிட்டார். குரல் காற்றாக வந்தது. "அவ எழுதுனத வாசி."

"நாளான்னைக்கு வாசிக்கிறேங்கய்யா. நல்லா பழகிட்டு வாசிக்கிறேன்."

"இப்ப வாசி."

"கண்ணாடி கொண்டு வரலீங்கய்யா."

என் கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. அவருக்குத் தெரியாது.

நவம்பர் 7, புதன்

பத்திரிகையோடு ஒன்பது மணிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. விடிகாலையிலேயே போய்விட்டாராம். யாத்தி முகத்தைத் துடைத்து வைத்திருந்தாள். கை சட்டைப்பை மேல் இருந்தது.

டீச்சருக்குச் சொன்னேன். வந்தார். இந்திராணியின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

"எப்ப இருந்து இந்த நம்பர் ஒங்ககிட்ட இருக்கு தாத்தா?"

"லெட்டர்ல இருந்துச்சு டீச்சர்."

டீச்சர் அந்த நம்பரை அழுத்தினார். பிறகு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

நவம்பர் 8, வியாழன்

பத்து மணிக்கு இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்றில் பிரமாணம் வாங்கும் அதிகாரி. அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. பந்தலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார், என்னைப் பார்த்து விசாரித்தார், செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றில், இரவு விமானத்தைப் பிடித்து வந்த இந்திராணி, கணவர், மகள். இந்திராணி அழவில்லை. அப்பாவின் சட்டைப்பையைத் திறந்து பார்த்தாள். தன் கடிதம் நான்காக மடிந்து இருந்ததைப் பார்த்ததும்தான் அழுதாள். அதை எடுக்க வேண்டாம், அவரோடு போகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

தகனம் முடிந்து என்னிடம் வந்தாள். "நீங்கதான் வாசிச்சுக் காட்டுனீங்களாமே, மாமா. கேட்டுட்டு என்ன சொன்னாரு?"

"ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாரும்மா."

"அப்பறம்?"

"மோந்து பாத்தாரு. பையில வெச்சுக்கிட்டாரு. முந்தாநாள்கூட வாசிக்கச் சொல்லிக் கேட்டாரும்மா."

இதில் ஒன்றும் பொய் இல்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 10, சனி

மரண அறிவித்தலை என்னையே எழுதச் சொன்னாள். தினம் அதைத்தான் அப்பாவுக்கு வாசித்தீர்களாம், உங்களுக்குத்தான் முறை தெரியும் என்றாள். எழுதிக் கொடுத்தேன். இன்று பத்திரிகையில் வந்துவிட்டது. "புக்கிட் செலாசே தோட்ட முன்னாள் மண்டோர், அன்புத் தந்தை, பாசமிகு தாத்தா." ஓர் எழுத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை. என் எழுத்து அச்சில். நான்கு பிரதி வாங்கினேன்.

கொண்டுபோய்க் காட்டினேன். மேய்லின் தாத்தாவின் நாற்காலியில் காதைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மண்டோரின் மைப்பேனாவை இந்திராணி எனக்குக் கொடுத்தாள். பிரட்டில் பெயர் கூப்பிட்டுக் கோடு போடும் பேனா. மை நிரப்பினால் இன்னும் எழுதுகிறது. இந்தப் பக்கம் அதில் எழுதியதுதான்.

நவம்பர் 13, செவ்வாய்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

நவம்பர் 25, ஞாயிறு

பதிவு அலுவலகத்திலிருந்து மலாயில் தபால் வந்தது. டீச்சர் வாசித்துச் சொன்னார். சாட்சி இல்லாததால் கோப்பை மூடிவிட்டார்கள். சாட்சி கிடைத்தால் புதிதாக விண்ணப்பிக்கலாமாம்.

"வேற யாருமே இல்லியா தாத்தா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

நாற்பத்து மூன்று பெயர்ப் பக்கத்தைப் பிரித்து, நோட்டைக் கொடுக்காமல் நானே வாசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை.

இனி என் மரணப் பத்திரத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் பார்க்கப் போவதில்லை என்றாலும் அதை எழுதிப் பழகினேன். குடிமகன் அல்லர். குடிமகன் அல்லர். மண்டோர் பேனாவில் நன்றாகப் பதிகிறது.

விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அக்டோபர் பத்தொன்பதாம் தேதிப் பக்கத்துக்குப் போனேன். அறையில் கோழி மட்டும் இருந்தது. இந்திராணியின் கடிதத்தை, அன்புள்ள அப்பா முதல் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள் வரை, உரக்க வாசித்தேன். பிறகு இன்னொரு தடவை வாசித்தேன்.

இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தது.